வூட்டுக்குப் போலாம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். சொந்த வீட்டுக் கதை. அதிலும் என் அத்தையின் கதை. "எழுது. ஆனா எழுதினத எனக்குப் படிச்சிக் காட்டணும்" என்று அவளே சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

வண்டலூரில் எங்கள் காலனிக்கும் ஜூவுக்கும் அதிக தூரமில்லை. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இங்கே 1985இல் வந்தது. அதற்கு முன்னால் மிருகக்காட்சி சாலை மெட்ராசில் மூர் மார்க்கெட் பக்கம் இருந்ததாக எங்க நைனா சொல்வார். நான் பிறந்ததே ஜூ வந்த பிறகு. அதனால் ராத்திரியில் சிங்கம் கத்துவது எனக்கு நாய் குரைப்பது மாதிரி. காதில் விழும், தூக்கம் கலையாது.

2024 ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, அத்தையின் பெரிய மகள் நெதர்லாந்திலிருந்து வந்தாள். ஐந்து வயதில் போனவள் முப்பது வயதில் வந்தாள். முதல் ராத்திரி அத்தை வீட்டில் நாங்கள் மூன்று பேரும் பாய் போட்டுப் படுத்திருந்தோம். விடியற்காலை நாலு மணி இருக்கும், சிங்கம் கத்தியது. அவள் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். கை நடுங்கியது. டச்சு பேச வந்த வயசில், "எங்க வூட்டுப் பக்கத்துல ராத்திரி சிங்கம் கத்தும்" என்று அங்கே சொல்லியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. படக்கதை பார்த்துச் சொல்கிறது என்றார்களாம். பயத்தால் வந்த கற்பனை என்று ஒரு மனநல மருத்துவர் எழுதியே வைத்தாராம். டி.என்.ஏ. சோதனை முடிவு வந்து, அத்தைதான் தாய் என்று காகிதத்தில் பார்த்த பிறகுதான் அவள் விமானம் ஏறினாள். ஆனால் அந்தச் சிங்கம் கத்தியபோதுதான் தனக்கு நம்பிக்கை வந்தது என்றாள்.

நடந்தது இதுதான். மாமா கல்குவாரியில் வேலை செய்தார். 1997 கடைசியில் பாறை சரிந்து செத்துப் போனார். குவாரிக்காரன் கொடுத்த காசு எடுத்துப் போடுவதற்கே சரியாகிவிட்டது. அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. மூன்று பிள்ளைகள்: பையனுக்கு எட்டு வயசு, பெரியவளுக்கு ஐந்து, சின்னவளுக்கு மூன்று. தாம்பரம் பக்கம் ஃப்ளாட் கட்டும் இடங்களில் சித்தாள் வேலைக்குப் போவாள். காலையில் போகும்போது பெரியவளிடம் சொல்லிவிட்டுப் போவாள்: "தங்கச்சி கைய உட்டுடாத."

வேலை செய்யும் இடத்துக்கு ஒரு அம்மா வந்து போய்க்கொண்டிருந்தார். மெட்ராசில் ஒரு ஹோம் இருக்கிறது, பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைப்பார்கள், லீவுக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார். அத்தை அதை ஹாஸ்டல் என்றே புரிந்துகொண்டாள். நம் பிள்ளைகள் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிப்பது நாம் பார்க்காததா? அதுபோல ஒன்று என்று நினைத்தாள். 1998 ஜூன் மாதம் பிள்ளைகளை இட்டுக்கொண்டு போனாள். கூட என்னையும் கூட்டிப் போனாள். எனக்கு ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அன்றைக்குப் படிக்கத் தெரிந்தவள் நான்தான்.

மேசை மேல் ஒரு பத்திரத்தாளை வைத்தார்கள். அத்தை அதை என் பக்கம் தள்ளி, "இன்னா போட்டுக்கீது, பாரு" என்றாள். பார்த்தேன். முழுக்க இங்கிலீசு. எனக்கு ஏ, பி, சி, டி தவிர ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த ஆபீசில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரி வரியாக விரலை ஓட்டினேன். "படிச்சிட்டியா?" என்றாள். "படிச்சிட்டேன்" என்றேன். அத்தை கட்டை விரலை மையில் வைத்தாள்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தேன். மேடையில் பேசுகிறேன். மனு எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் என்ன எழுதினாலும் அந்த விரல் கண்ணில் நிற்கிறது. ஒன்பது வயசுப் பிள்ளை மேல் என்ன தப்பு என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தாளைத் தமிழில் எழுதாதவர்கள் மேல்தான் தப்பு, அதைப் பெற்றவளுக்குப் படித்துக் காட்டாதவர்கள் மேல்தான் தப்பு. இது தெரிந்தும் மனசு ஆறவில்லை.

வந்தவள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருந்தாள். அவளை வளர்த்த அம்மா, பிள்ளைகள் வந்த முதல் வருஷம் எழுதியது. 1998 டிசம்பரிலிருந்து 1999 டிசம்பர் வரை. "அவங்களப் பார்த்தா இதக் காட்டு" என்று அந்தம்மாவே கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவள் டச்சில் படித்து இங்கிலீசில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். அத்தை முட்டிக்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். இரண்டு ராத்திரி படித்தோம்.

முதல் வாரம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கட்டில், பூப்போட்ட போர்வை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் தரையில் கிடக்கிறார்கள். பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்தபடி தூங்குகிறாள். பிரித்துப் படுக்க வைத்தால் அலறுகிறாள். "இவ்வளவு சின்ன பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று அந்தம்மா எழுதியிருந்தார். இதைக் கேட்டதும் அத்தை, "நான்தான் சொல்லியிருந்தேன், உட்டுடாதன்னு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டாம் மாதம். துணி அலமாரியில் ரொட்டித் துண்டுகள் கிடைத்தன, பூஞ்சை பிடித்து. ஹோமில் பட்டினி கிடந்த பிள்ளைகள் இப்படிச் செய்யும் என்று டாக்டர் சொன்னாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை தலையை ஆட்டினாள். "பசி இல்ல அது. அவ அண்ணனுக்கு எடுத்து வெச்சிருப்பா. எது குடுத்தாலும் பாதி அவனுக்கு வெப்பா." பெரியவள் என்னைப் பார்த்தாள். இங்கிலீசில் சொன்னேன். தனக்கு ஒரு அண்ணன் உண்டு என்பதே 2022 வரை அவளுக்குத் தெரியாது. காகிதத்தில் அது இல்லை.

பிறகு ஒரு பக்கம் முழுக்கச் சொற்கள். பிள்ளைகள் பேசிய சொற்களை, அர்த்தம் தெரியாமல், காதில் விழுந்தபடி அந்தம்மா டச்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் இருபத்திரண்டு. பெரியவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். அவள் வாசிக்க வாசிக்க நாங்கள் கண்டுபிடித்தோம். சோறு. தண்ணி. ஆயா. வலிக்குது. ஒண்ணுக்கு. குளுருது. சின்னவள் காய்ச்சலில் "வலிக்குது, வலிக்குது" என்றதை அந்தம்மா ஒரு ஆளின் பெயர் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, "தோழியா?" என்று எழுதியிருந்தார்.

பட்டியலில் கடைசியாக இருந்தது ஒரு வாக்கியம். சாயங்காலம் ஆனால் பெரியவள் ஷூவைப் போட்டுக்கொண்டு, தங்கச்சிக்கும் மாட்டிவிட்டு, வாசல் கதவண்டை போய் நின்று இதைச் சொல்வாளாம். தினமும், ராகம் போட்டு. பாட்டு என்று நினைத்து வீட்டில் இருந்தவர்கள் கைதட்டிக் கூடவே பாடியிருக்கிறார்கள். அந்த வீட்டுத் தாத்தா வந்தால் அவரும் பாடுவாராம். பெரியவள் அதை வாசித்தாள். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"வூட்டுக்குப் போலாம்."

மார்ச் மாதக் குறிப்பில், இப்போதெல்லாம் அந்தப் பாட்டைப் பாடுவதில்லை, நன்றாகப் பழகிவிட்டாள் என்று இருந்தது. இந்தியாவுக்கு அனுப்பிய அறிக்கையிலும் அதுதான் போனது: பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். டிசம்பரில், வந்து ஒரு வருஷம் ஆனதற்குக் கேக் வெட்டினார்கள். பிள்ளைகள் இப்போது டச்சு மட்டும்தான் பேசுகிறார்கள், பழைய சொல் ஒன்றுகூட வருவதில்லை என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். அதோடு நோட்டு முடிகிறது.

அந்தம்மாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் கண்ட ராத்திரிகளில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். தலைவாரிவிடத் தெரியாமல் ஒரு சூரினாம்காரப் பெண்ணிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அவரிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள். அநாதைகள் என்றார்கள். ஒரு கார் வாங்குகிற பணம் கட்டினாராம். ஆனால் அந்த இருபத்திரண்டு சொற்களைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால்? அவர் இப்போது அழுதுகொண்டு கேட்பதும் இதைத்தானாம். அன்பு இருந்தது, சந்தேகம் வரவில்லை. ஏழை நாட்டுக் கறுப்புப் பிள்ளைக்கு வீடு என்று ஒன்று இருந்திருக்கும், அங்கே ஒருத்தி காத்திருப்பாள் என்று தோன்றவில்லை. அநாதை என்று ஒரு தாளில் எழுதியிருந்தது போதுமானதாக இருந்தது.

அயல்நாட்டுக்குத் தத்துப் போகும் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை வாங்க வேண்டும் என்பது 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன காலத்திலிருந்தே உண்டு. இன்றைய விதிப்படி முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று. பிள்ளை எத்தனை கிலோ, என்ன சாப்பிடுகிறது, பள்ளிக்கூடத்தில் எப்படி, எல்லாம் வரும். நல்லதுதான். அதே ஒரு வருஷம் பெற்றவள் எப்படி இருந்தாள் என்று யாருக்கும் அறிக்கை போவதில்லை. எங்கள் அத்தையின் அந்த வருஷத்தை நான் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம்: ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயில் ஏறிப் போவாள். இரண்டு தடவை பார்க்கவிட்டார்கள். பிறகு, நீ வந்தால் பிள்ளைகள் ஏங்குகிறது, வராதே என்றார்கள். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவாள். தீபாவளிக்குப் பாவாடை சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். வாட்ச்மேன் வாங்கிக்கொண்டான். தை மாசம் போனபோது, "வெளிநாட்டுக்குப் போயிட்டாங்கம்மா, ராணி மாதிரி இருப்பாங்க" என்று ஒரு போட்டோவைக் காட்டினார்கள். பனியில் சிவப்புக் குல்லாய் போட்டு இரண்டு பேரும் நின்றார்கள். போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த மூன்று மாதம்: வேலைக்குப் போகவில்லை. நைனாதான் சோறு போட்டார். போலீசுக்குப் போனார்கள். கைநாட்டு வைத்தது நீதானே என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு: பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனான். ஊர்த் தெருவில் பேசினார்கள், அது புதுசில்லை. நம் காலனியிலேயே, தண்ணிக் குழாயண்டை, நம் பெண்களே சொன்னார்கள்: "புள்ளைய வித்துத் துன்னவ." வருஷ முடிவில் அத்தை பேசுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் அங்கே தமிழை விட்ட அதே நாட்களில் இவள் இங்கே வாயை விட்டாள். பிறகு பேச இரண்டு வருஷம் ஆனது.

அத்தைக்கு நடந்தது வேறு, புளியந்தோப்பில் நடந்தது வேறு. அங்கே 1998, 1999 வாக்கில் தெருவில் விளையாடிய பிள்ளைகளையே தூக்கிப் போனார்கள். மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற அமைப்பின் வழியாக அவர்கள் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தத்துக் கொடுக்கப்பட்டார்கள் என்று 2005இல் வழக்கு வெடித்தது. பிறகு அது சி.பி.ஐ.க்குப் போனது. ஒரு தாயும் தகப்பனும் டி.என்.ஏ. சோதனை கேட்டு நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். 2010இல் அங்கே மறுத்துவிட்டார்கள். அங்கே திருட்டு, இங்கே கைநாட்டு. இரண்டு இடத்திலும் பிள்ளையை இழந்தவர்கள் குடிசையில் இருந்தவர்கள். திருடியவனுக்கும் தாள் நீட்டியவருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது: இவர்கள் கேட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே தத்து எடுக்க ஆள் இல்லையா என்று கேட்கலாம். பழைய இந்துச் சட்டத்தில் தத்துப் பிள்ளை அதே சாதியாக இருக்க வேண்டும். அந்தக் கட்டை உடைக்க நினைத்தவர் அம்பேத்கர். அவருடைய இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில், கல்யாணத்துக்கும் தத்துக்கும் சாதி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று இருந்தது. மசோதாவை முடக்கினார்கள். 1951இல் பதவியை விட்டு வெளியே வந்தார். தத்தெடுப்புச் சட்டம் 1956 டிசம்பர் 21இல் வந்தபோது அவர் இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. சட்டத்தில் சாதி போய்விட்டது. மனசில் போகவில்லை. என்ன நிறம், எந்த ஆளுங்க என்று ஜாடையாகக் கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கறுத்த பிள்ளை, வயசு ஏறிய பிள்ளை, அக்கா தங்கச்சியாக வரும் பிள்ளைகள், உடம்பில் குறையுள்ள பிள்ளை, இவர்களை இங்கே கேட்க ஆள் குறைவு. வெளிநாட்டுக் கதவு அவர்களுக்குத்தான் திறந்திருந்தது. நம்மைத் தொடாத சமூகம் நம் பிள்ளையையும் தூக்காது. தூக்கிக்கொள்ள வந்தவர்களுக்கு அதை விலையாக்கிக் கொடுத்தது.

மொழி விஷயம் ஒன்று. சிறு வயதில் தத்துப் போனவர்கள் தாய்மொழியைச் சுத்தமாக மறந்துவிடுவார்கள் என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்லி வந்தன. கொரியாவிலிருந்து நெதர்லாந்துக்குத் தத்துப் போனவர்களைச் சோதித்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. கொரிய மொழி ஒரு சொல்லும் நினைவில்லாத அவர்கள், அதன் ஒலிகளைக் கற்றுக் கொடுத்தபோது மற்ற டச்சுக்காரர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தையாகப் போனவர்கள்கூட. பெரியவள் எங்களோடு இருந்த பதினெட்டு நாளில் தமிழ் என்று அதிகம் கற்கவில்லை. ஆனால் 'தண்ணி' என்றபோது அந்த ணகரம் நாக்கு மடிந்து சரியாக வந்தது. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அது காதில் பட்டது. அத்தைக்கு இதெல்லாம் வேண்டாம். "எம் பொண்ணு தண்ணி கேக்கறா" என்று எழுந்து போனாள்.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். போவதற்கு முந்தின நாள் பெரியவள் ஒரு கேள்வி கேட்டாள். பல நாள் அடக்கி வைத்திருந்தாள் போல. "அவங்க உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" இதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இந்தத் தடவை மாற்றவில்லை. அப்படியே சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு, "ஐந்நூறு" என்றாள். பஸ்ஸுக்கு வெச்சிக்க என்று அன்றைக்குக் கையில் திணித்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை. எங்களில் யாருக்கும் அவள் சொன்னதில்லை. "அரிசி வாங்கினேன். உங்க அண்ணனுக்கு ஆக்கிப் போட்டேன். நானும் துன்னேன். அது இன்னாத்துக்குன்னு தெரியாம துன்னேன்." குழாயடிப் பேச்சுக்கு அவள் ஏன் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பெரியவள் வெளியே போய் வெகுநேரம் நின்றாள். சாயங்காலம் வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிப் பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் அது சினிமா. உட்கார்ந்தாள், அவ்வளவுதான். சின்னவள் வரவேயில்லை. எனக்கு அம்மா ஒருத்திதான், அவள் இங்கே இருக்கிறாள் என்று அவள் சொல்லிவிட்டாளாம். அதுவும் அவளுடைய நியாயம்.

நெதர்லாந்து 2021 பிப்ரவரியில் அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தி வைத்தது. யூஸ்ட்ரா என்பவர் தலைமையிலான குழு, பழைய தத்தெடுப்புகளில் பொய்க் காகிதமும் குழந்தை விற்பனையும் இருந்ததாகச் சொன்ன பிறகு நடந்தது அது. இலங்கை, இந்தோனேசியா உட்பட ஐந்து நாடுகளை அந்தக் குழு ஆராய்ந்தது. அந்த ஐந்தில் இந்தியா இல்லை. 2022இல் நிறுத்தத்தை விலக்கினார்கள். 2024 மே மாதம், பெரியவள் இங்கே வந்துபோன நாலாம் மாதம், படிப்படியாக மூடிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் கதவை மூடியதோடு நம் வேலை முடியவில்லை.

இன்றைய சட்டப்படி பிள்ளையை ஒப்படைக்கிறவள் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஒப்படைக்க வேண்டும். மனசு மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. இது எத்தனை சித்தாளுக்குத் தெரியும்? அவளுக்குப் புரியும் மொழியில் தாள் இருக்க வேண்டும், அவள் நம்புகிற ஒருவர் அதைப் படித்துக் காட்ட வேண்டும், ஒரு நகல் அவள் கையில் இருக்க வேண்டும். தன் வேரைத் தேட வளர்ந்த பிள்ளைக்கு விதியில் இடம் இருக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பெற்றவள் கேட்கவும் இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், புருஷன் செத்த அன்றைக்கு அவளுக்கு நஷ்ட ஈடும் கூலியும் கிடைத்திருந்தால் எந்தத் தாளும் தேவைப்பட்டிருக்காது. வறுமைக்குப் பரிகாரம் பிள்ளையை எடுத்துக்கொள்வது இல்லை.

எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். அந்தப் பாட்டைக் கேட்டு அவள் கதறினாள் என்று எழுதியிருந்தேன். "நான் எங்க கதறினேன்? சும்மா உக்காந்திருந்தேன். அத எடு" என்றாள். எடுத்துவிட்டேன். இன்னொன்று, அவளுக்கு அசிங்கமாக இருக்குமே என்று அந்த ஐந்நூறு ரூபாயை எழுதாமல் விட்டிருந்தேன்.

"அத எழுது" என்றாள். "ஏற்கனவே ஒரு தபா எனக்குத் தப்பாப் படிச்சிக் காட்டின. இத சரியா எழுது."